காதுக்கு வாங்கியது

இனிமேல் வீட்டில் எதையும் காதில் வாங்கிக்கொள்வதில்லை என்று மாணிக்கவேல் முடிவு செய்தார். அதற்காகக் காதுக்கு ஒன்று வாங்குவது என்றும் முடிவு செய்தார்.

முடிவெடுத்தபோது அவர் இடுப்பளவு பட்டுப்புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். காலையில் ஒரு கல்யாண கோஷ்டி வந்தது. கல்யாணப் பெண் வாயே திறக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து அத்தைகள் பேசினார்கள். பச்சை காட்டச் சொன்னார்கள். கடையில் இருந்த அத்தனை பச்சையையும் பிரித்துப் போட்டார். 'இந்தப் பச்சை பழுக்கப் போற மாதிரி இருக்குதே' என்றாள் ஓர் அத்தை. கடைசியில், 'சாப்பிட்டுட்டு வரோம்' என்று எழுந்து போனார்கள். வரவில்லை. எந்த ஊருக்குச் சாப்பிடப் போனார்களோ.

கடையில் இந்தப் பேச்சைக் கேட்பதற்குச் சம்பளமாவது தருகிறார்கள். வீட்டில் எல்லாம் இனாம்.

வீடு சர்வதீர்த்தக் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில். மகள் தீபிகா சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாள். மிச்சம் இருந்தது அவரும் அவர் மனைவி ரேணுகாம்பாளும். ரேணுகாம்பாள் பிளவுஸ் தைப்பவள். கை வேலைக்குப் பெயர் போனவள். வாய் வேலைக்கும்தான் என்பார் மாணிக்கவேல். மனசுக்குள் என்பார். அவளுடைய தையல் மெஷின் சமையலறையில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பக்க அறை மாணிக்கவேலுடையது. அதில் ஒரு ஜன்னல், ஒரு ஃபேன், ஒரு ஈஸி சேர். சாயங்காலம் அந்த ஈஸி சேரில் சாய்ந்து செல்போனில் பழைய பாட்டு கேட்பது ஒன்றுதான் அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் இருந்த சொத்து. அந்தச் சொத்தின் மேல்தான் ரேணுகாம்பாள் கண் வைத்திருந்தாள்.

"ஏங்க, நேத்து ஒரு லைனிங் துண்டு பறந்து போய் பர்னர் மேல உழுந்துச்சு. குப்புனு புடிச்சுக்கிச்சு."

"பாத்து தை."

"முன் ரூமக் குடுத்தீங்கன்னா, நானும் பக்கத்து ஊட்டு மங்கையும் ரெண்டு மெஷின் போட்டு கடையாவே நடத்துவோம்."

"அது ரூமு."

"ரூமத்தான கேக்குறேன்? ராஜகோபுரமா கேட்டேன்?"

"பகலெல்லாம் பொம்பளைங்க, துணி, கலரு. சாயங்காலம் ஊட்டுக்கு வந்தா அங்கயும் பொம்பளைங்க, துணி, கலரா? நான் எங்க போறது?"

"எங்கயும் போவ வேணாம். ஓரமா உக்காந்துக்கோங்க."

அந்த 'ஓரமா'தான் மாணிக்கவேலைக் கொன்றது. தினமும் அவர் ஒரு பாட்டைப் போடுவார். பல்லவி முடிவதற்குள் இவள் 'ஏங்க' என்பாள். அனுபல்லவியில் அடுப்பு வரும். சரணத்தில் சண்டை வரும். ஒரு பாட்டை முழுசாகக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது என்று யோசித்தால் அவருக்குக் கண் கலங்கியது.

அதனால்தான் ஹெட்போன்.

மூங்கில் மண்டபத்துக்கு அருகே ஒரு செல்போன் கடைக்குப் போனார். கவுன்டரில் அனு என்று பெயர் அட்டை குத்தியிருந்த பெண் நின்றாள்.

"சொல்லுங்க சார். ஹெட்போனா? எந்த மாதிரி பாக்குறீங்க?"

"சும்மா காட்டும்மா. பாக்கலாம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே சுரீர் என்றது. இருபது வருஷமாகப் பட்டுக்கடைக்கு வருகிறவர்கள் சொல்லிச் சொல்லி அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் வாசகம் அது. இப்போது அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

"போனுக்குதான? லைட் வெயிட்டா வேணுமா சார்?"

"லைட் வெயிட்டாத்தான் வேணும்."

இதைச் சொன்னபோதும் சுருக்கென்றது. 'லைட் வெயிட்டா காட்டுங்க' என்று கேட்கும் பெண்களிடம் அவர் தினமும், 'அம்மா, வெயிட்டு இருந்தாத்தான் பட்டு' என்று பிரசங்கம் செய்பவர்.

அனு முதலில் பெரிய ஒன்றை எடுத்து அவர் தலையில் மாட்டினாள். காதுகளை இரண்டு பஞ்சுத் தலையணைகள் அமுக்கின. ஹெல்மெட் போட்டுக்கொண்டு குளத்துக்குள் இறங்கியது போல இருந்தது.

"இது வெளிச்சத்தம் எதுவும் உள்ள உடாது சார்."

"எதுவுமேவா? பொம்பள சத்தம்?"

"எந்தப் பொம்பள சார்?"

"பொதுவா கேட்டேம்மா."

ஆனால் கழுத்து கனத்தது. மல்லாந்து சாய்ந்தால் முன்னால் நகர்ந்து மூக்குக்கு வந்துவிடும். வேண்டாம் என்றார். அடுத்து அவள் ஒரு சின்ன டப்பாவைத் திறந்தாள். உள்ளே சுண்டைக்காய் அளவில் இரண்டு.

"இயர்பட்ஸ் சார். வெயிட்டே தெரியாது."

"இருக்கறதே தெரியாது போலயே? நான் எதயோ மாட்டிக்கினு இருக்கேன்னு எதிராளிக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான பேச மாட்டாங்க?"

அனு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கழுத்தில் வளைத்துப் போடுகிற ஒன்றை எடுத்தாள்.

"நெக்பேண்ட் சார். கழுத்துலயே கெடக்கும். தொலையாது."

"கழுத்துல நான் கட்டித்தாம்மா பழக்கம். கட்டிக்கிற பழக்கம் இல்ல."

"அப்ப ஒயர் வெச்சது பாருங்க. சார்ஜ் போட வேணாம், விலையும் கம்மி." அவர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தப் போன்ல ஒயர் சொருவற ஓட்டையே இல்ல சார். ப்ளூடூத்துதான் செட்டாவும்."

ஆனந்தா ப்ளூ தெரியும், மயில் கழுத்து ப்ளூ தெரியும், ராமர் ப்ளூ தெரியும். இந்த ப்ளூ அவர் விற்றதில்லை. தெரிந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

கடைசியில் அனு காட்டிய ஒன்று அவர் மனசைத் தொட்டது. மெல்லிய பட்டை, இரண்டு பக்கமும் அப்பளம் போல வட்டமான பஞ்சு. காதை மூடாமல் காதின் மேல் உட்கார்ந்தது. மடித்தால் சாப்பாட்டுப் பைக்குள் அடங்கும். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். ஒரு முழம் மல்லிகைப்பூ கனம்கூட இல்லை. பஞ்சை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சாயம் போவுமாம்மா?"

"ஹெட்போன் சார்."

"சரி சரி. இதே டிசைன்ல வேற கலர் இருக்குதா?"

கறுப்பு, வெள்ளை, நீலம், ரோஸ் என்று அனு அடுக்கினாள். கறுப்பை எடுத்தார், வைத்தார். நீலத்தை எடுத்தார். "வெளிச்சத்துல பாத்துட்டு வரட்டுமா?" என்று வாசலுக்குப் போய், வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, முதலில் காட்டியதை மறுபடி காட்டச் சொன்னார். கவுன்டர் முழுக்க டப்பாக்கள் வாய் பிளந்து கிடந்தன. அனுவின் முகத்தில் ஒரு பொறுமை தெரிந்தது. அது எந்தப் பொறுமை என்று மாணிக்கவேலுக்கு நன்றாகத் தெரியும். அது உள்ளே பல்லைக் கடிக்கிற பொறுமை. 'சாப்பிட்டுட்டு வரேன்' என்று அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தப் பாவத்தை மட்டும் செய்யக்கூடாது என்று கறுப்பையே வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சண்டைக்குத் தயாராகிக்கொண்டு போனார். 'எதுக்கு இந்த தண்டச் செலவு' என்பாள். 'என் காது, என் உரிமை' என்று சொல்ல வேண்டும். ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தைத் தாண்டும்போது சத்தமாகவே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். ஓர் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ரேணுகாம்பாள் ஹெட்போனைப் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

"எடுப்பா இருக்குதுங்க உங்களுக்கு."

"இன்னா?"

"நெசமாத்தான். ரேஷன் கார்டுல குடும்பத் தலைவின்னு என் போட்டோதான இருக்குது. தலைக்கு உங்களுக்கும் ஏதாவது ஒண்ணு இருக்கட்டும்."

சண்டை இல்லை. சத்தம் இல்லை. காபி வேறு வந்தது. நியாயமாகப் பார்த்தால் மாணிக்கவேல் அந்த இடத்திலேயே பயந்திருக்க வேண்டும்.

பயப்படவில்லை. ஈஸி சேரில் சாய்ந்தார். பாட்டைப் போட்டார். பல்லவி வந்தது, அனுபல்லவி வந்தது, சரணம் வந்தது. எதிரில் ரேணுகாம்பாளின் உதடுகள் தொட்டி மீனின் வாய் போலத் திறந்து திறந்து மூடின. ஒரு சொல் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளை இவ்வளவு பிரியமாக அவர் பார்த்ததில்லை. தாளத்துக்கு ஏற்பத் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார்.

சில நாட்கள் இப்படிச் சொர்க்கமாகப் போயின. ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வழக்கம்போலப் பின்பக்கமாகச் சாய்ந்தார். சாய்ந்த இடத்தில் ஈஸி சேர் இல்லை. தரை இருந்தது.

"ரேணு! சேரு எங்க?"

"தென்னேரிக்குப் போய்டுச்சுங்க."

"சேரு எப்படிம்மா தென்னேரிக்குப் போவும்?"

"என் தம்பி சிட்டிபாபு வந்து எடுத்துக்கினு போனான். அவனுக்கு இடுப்பு வலி. குடுக்கட்டுமான்னு உங்களத்தான கேட்டேன்? நல்லா தலய ஆட்டினீங்க."

"நான் பாட்டுக்கு ஆட்டினேன்!"

"நீங்க பாட்டுக்கு ஆட்டினதுதான். நான் ஒண்ணும் புடிச்சு ஆட்டலியே." சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள். "மங்க! அண்ணன் தலயாட்டினாரா இல்லியாடி?"

பக்கத்து வீட்டு மங்கையர்க்கரசியின் குரல் உடனே வந்தது. "ஒரு தடவையா ஆட்டினாரு? இடுப்பு வலின்னு நீ சொன்னதும் கண்ண வேற மூடிக்கினு உருக்கமா ஆட்டினாருக்கா. அண்ணனுக்குத் தங்கமான மனசு."

மாணிக்கவேல் பாயை விரித்து உட்கார்ந்தார். தலையாட்டிய வேறு நாட்களும் நினைவுக்கு வந்தன. அவற்றில் என்னென்ன கொடுத்தாரோ? காதை மூடிக்கொண்டால் வீடே காலியாகிவிடும். திறந்து வைத்தால் பேச்சு உயிரை எடுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி அவருக்குத் தோன்றியது. தோன்றிய அந்த நிமிஷம் அவர் தன்னை ஒரு மந்திரி என்று நினைத்துக்கொண்டார்.

ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டியது. பாட்டுப் போடக்கூடாது. கேளாதவர் போல உட்கார்ந்து, உள்ளே என்ன சதி நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

மறுநாள் சாயங்காலம் பாயில் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டினார். போனை மடியில் வைத்து, இல்லாத பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்தார். காதின் மேல் உட்காருகிற மாதிரி வாங்கியது நல்லதாகப் போயிற்று. எல்லாமே தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மங்கையர்க்கரசி கையில் ஒரு பிளவுஸோடு வந்தாள். வந்ததும் இவரைத்தான் பார்த்தாள்.

"இன்னாக்கா, அண்ணன் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டிக்கினு கீறாரு?"

மாணிக்கவேலுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஆட்டினார். நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"அவர ஒண்ணும் சொல்லாதடி," என்றாள் ரேணுகாம்பாள். "பாவம், நாளெல்லாம் கத்திட்டு வராரு. இதாவது இருக்கட்டும்."

மாணிக்கவேலின் தாளம் ஒரு கணம் தடுமாறியது.

"அப்ப ரூமு?"

"இனிமே கேக்க மாட்டேன். நான் கெட்டியா கேட்டா அவரு இல்லன்னு சொல்ல மாட்டாருடி. அவரு மனசு எனக்குத் தெரியாதா? அதான் கேக்கவே கூடாதுன்னு இருக்கேன்."

"அடுப்பாண்டயே வெச்சு தைக்கப் போறியா?"

"இல்ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனில தைக்க ஆளு கேக்குறாங்களாம். விடியறதுக்கு முன்ன வேன் வந்து ஏத்திக்கினு போவுமாம். இருட்டினப்புறம் கொண்டாந்து உடுமாம்."

"அண்ணனுக்கு சோறு?"

"ஓட்டல்ல சாப்புட்டுக்குவாரு."

"அவருக்குத்தான் வயித்துல புண்ணுன்னியே?"

ரேணுகாம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அத நெனச்சாத்தான்டி எனக்கு..." என்று நிறுத்தினாள்.

மாணிக்கவேலுக்கு 'ரேணு!' என்று கத்த வேண்டும் போல இருந்தது. எப்படிக் கத்துவது? அவருக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லையே! கண்ணில் தண்ணீர் முட்டியது. முகத்தில் ஒரு குத்துப்பாட்டு ரசிகனின் சிரிப்பை ஒட்டிவைத்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். மனைவி அழுகிறாள், புருஷன் ஆடுகிறான். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

அதன் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தினமும் மங்கையர்க்கரசி வந்தாள். தினமும் பேச்சு. ஒரு நாள் அவர் குறட்டையைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினார். இன்னொரு நாள், 'கட்டுனா இப்படி ஒரு மனுஷனத்தான் கட்டணும்' என்றாள் ரேணுகாம்பாள். அவர் உருகிக்கொண்டு ஆட்டினார். வேன் டிரைவரின் நம்பர் கிடைத்துவிட்டது என்றார்கள். ஓட்டல் சாம்பாரில் சோடா மாவு போடுகிறார்கள் என்றார்கள். இரவில் மாணிக்கவேலுக்கு வயிறு தானாகவே எரிந்தது.

கடையிலும் கை ஓடவில்லை. ஒரு பெண் பட்டுப்புடவையைத் தோளில் போட்டு, 'எனக்கு நல்லா இருக்குதாண்ணா?' என்று கேட்டாள். 'இந்த வயசுல வேன்ல ஏறிப் போவணுமாம்மா?' என்று கேட்டுவிட்டார். முதலாளி அவரைக் கூப்பிட்டு இரண்டு நாள் லீவு வேண்டுமா என்று விசாரித்தார்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ரேணுகாம்பாள் விளக்கேற்றி முடித்ததும், அவர் ஹெட்போனைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார்.

"ரேணு, நானா யோசிச்சேன். யாரும் சொல்லல. முன் ரூம்ல நீயும் மங்கையும் தையக் கட போட்டுக்கோங்க."

"அய்யய்யோ, வேணாங்க!"

"ஏன் வேணாம்?"

"உங்க பாட்டு கெட்டுப் போவும்."

"பாட்டு கெடக்குது. போட்டுக்கோ."

"உங்களுக்குத் தொந்தரவுங்க. நீங்க மனசாரதான் சொல்றீங்களா?"

"சத்தியமா மனசாரம்மா! வேணும்னா காமாட்சியம்மன் கோயிலுக்கு வா, அடிச்சு சொல்றேன்."

அவள் மறுத்தாள். அவர் கெஞ்சினார். தன்னுடைய அறையை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு மனிதன் இவ்வளவு கெஞ்சியது காஞ்சிபுரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும். நீண்ட நேரத்துக்குப் பிறகு, "இவ்ளோ தூரம் சொல்றீங்க, உங்க பேச்ச எப்படித் தட்டறது?" என்று சம்மதித்தாள். துணி வைக்க அலமாரி அவரே அடித்துக் கொடுப்பதாகவும், பட்டுக்கடைக்கு வருகிற பெண்களிடம் பிளவுஸுக்கு இங்கே வழி காட்டுவதாகவும் அவரே முன்வந்து வாக்குக் கொடுத்தார். வேன் ஏறாமல் அவளைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

மெஷின்கள் முன்னறைக்கு வந்தன. வாசலில் போர்டு தொங்கியது. மாலை வேளைகளில் ஜாக்கெட் அளவு கொடுக்க வரும் பெண்கள் இருப்பதால், அவர் உள்ளே நுழையும்முன் வெளியே நின்று இருமவேண்டும் என்று ஒரு சட்டமும் வந்தது. இருமினார். "இன்னும் கொஞ்சம் நில்லுங்க" என்று பதில் வந்தது. பின்கட்டில் துணி துவைக்கிற கல்தான் கடைசியில் அவருக்கு ஆசனமானது. பக்கத்தில் தண்ணீர் மோட்டார். அது ஓடினால் எந்த ஹெட்போனிலும் எந்தப் பாட்டும் கேட்காது. அது ஓடாதபோது மெஷின் சத்தம், சிரிப்புச் சத்தம். ஒரு பாட்டு முழுசாக அவர் காதுக்குள் போகவில்லை.

அதையும் தாங்கிக்கொண்டார். ஏனென்றால் உள்ளுக்குள் ஒரு வெற்றி இருந்தது. அவர் ஏமாந்து கொடுக்கவில்லை. எல்லாம் தெரிந்து, தெரியாதது போல இருந்து, பெருந்தன்மையாகக் கொடுத்தவர். இது இந்த உலகத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்பதுதான் குறை.

ஒரு நாள் அந்தக் குறையைத் தாங்க முடியவில்லை. வாடிக்கையாளர்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, முன்னறை வாசலில் போய் நின்று இருமினார். ரேணுகாம்பாளும் மங்கையர்க்கரசியும் நிமிர்ந்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்லணும்," என்றார். "என்ன இன்னா கேனயன்னு நெனச்சுக்கினு இருக்கீங்களா? அப்பல்லாம் நான் பாட்டே கேக்கல. சும்மா மாட்டிக்கினு இருந்தேன். வேன் கதை, வயித்துப் புண்ணு கதை, நீ மூக்க சிந்துனது, ஒண்ணு உடாம கேட்டேன். கேட்டுத்தான் மனசு எறங்கி ரூமக் குடுத்தேன். தெரிஞ்சுக்கோ!"

மங்கையர்க்கரசி வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டாள். ரேணுகாம்பாள் ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்தவே இல்லை.

"பாட்டு ஓடுச்சுன்னா உங்க காதாண்ட நீலமா ஒரு லைட்டு மினுக்கும்ங்க, போட்டுக்கினு இருக்கறவங்களுக்குத் தெரியாது. அது மினுக்காத அன்னிக்கா பாத்துத்தான் நாங்க பேசவே ஆரம்பிப்போம்."